பக்கத்து மேசைக் கணினி ஏன் பேசவில்லை?

பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டம். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, அங்குள்ள பொது மண்டபத்தில் பதினொரு மாணவர்களோடும் நான்கு கணினிகளோடும் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. உள்ளேயும் மழையைப் பற்றித்தான் பேச்சு. மூன்று மாதங்களாக அந்தப் பிள்ளைகள் செம்பனை மரங்களுக்கு நடுவே மழைமானி வைத்து, காலை 7:30க்கும் மாலை 5:30க்கும் அளந்து பதிவு செய்திருந்தார்கள். திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் விழா. அதற்குள் எல்லா அட்டவணைகளையும் ஒன்றுசேர்த்து வரைபடம் போட்டாக வேண்டும்.

நான்கு கணினிகளும் நான்கு ரகம். என்னுடையது விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி. மண்டபத்து மேசைக்கணினி மிகப் பழையது. புதிய விண்டோஸைத் தாங்காது என்பதால் லினக்ஸ் ஏற்றியிருந்தோம். பிள்ளைகளின் அளவுகள் அதில்தான் இருந்தன. படிவம் 4 மாணவி ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தன் அக்காளின் பழைய மேக் மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தாள். நான்காவது, மண்டபத்தின் சின்ன அறையில் கிடந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணி ஒருவர், பதினோரு ஆண்டு மழைப் பதிவை அலுவலகப் பேரேட்டிலிருந்து ஒவ்வொரு நாளாகத் தட்டச்சு செய்து அதில் சேமித்திருந்தார். பேரேடுகள் இப்போது இல்லை. அந்தக் கணக்கு இருப்பது அந்த ஒரு கணினியில் மட்டும்.

“பென்டிரைவில் எடுத்துக்கிட்டா முடிஞ்சுது, ஏன் சார் இவ்வளவு பாடு?” என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் மூன்று குழுக்கள் ஒரே அட்டவணையில் வேலை செய்ய வேண்டும். பென்டிரைவில் ஆளுக்கொரு பிரதி எடுத்தால், ஒரு மணி நேரத்தில் மூன்று வெவ்வேறு அட்டவணைகள் இருக்கும். எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கணினியில் ஒரு பகிர்வுக் கோப்புறை, மற்றவை அதைத் திறந்து வேலை செய்வது என்பதுதான் திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. என் மடிக்கணினி, லினக்ஸ் கணினியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. மேக்கும் அதையே சொன்னது. நான்கு கணினிகளும் ஒரே மண்டபத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தன.

‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற அறிவிப்பைப் பார்த்தால் எனக்குக் கிளினிக்கில் ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். டெங்கிக்கும் காய்ச்சல், தொண்டைப் புண்ணுக்கும் காய்ச்சல். அதேபோல் கம்பி கழன்றாலும், முகவரி தவறினாலும், கதவு சாத்தியிருந்தாலும், மொழி புரியாவிட்டாலும் கணினி பெரும்பாலும் இதே வாக்கியத்தைத்தான் காட்டும்.

உதவிக்கு வந்திருந்த அண்ணன் ஒருவர், “தீயரணை அணைச்சிடுங்க சார், எல்லாம் சரியாயிடும்” என்றார். தீயரண் என்பது வெளியிலிருந்து கணினிக்குள் வரும் ஒவ்வோர் அழைப்பையும் உள்ளே விடலாமா என்று பார்க்கும் காவல் மென்பொருள். நான் வேண்டாம் என்றேன். என் முன்னைய பள்ளி ஒன்றில் ஒருமுறை நான் அப்படித்தான் செய்தேன். வேலை முடிந்தது, திரும்ப இயக்க மறந்து போனேன். பல வாரம் அந்தக் கணினி காவல் இல்லாமல் கிடந்தது. அதைவிட, அணைத்ததும் சரியானது என்றால்கூட எது கெட்டிருந்தது என்று நமக்குத் தெரியாது. அடுத்த முறையும் அணைக்கத்தான் தோன்றும்.

அதற்குப் பதிலாகப் பிள்ளைகளை உட்காரவைத்து 1969ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன்.

அந்த ஆண்டு அக்டோபர் 29, இரவு 10:30. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் சிக்மா 7 என்னும் கணினியின் முன் இருந்தார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் பில் டுவால் என்பவர் எஸ்.டி.எஸ். 940 என்ற வேறொரு கணினியின் முன் இருந்தார். இரண்டும் வெவ்வேறு இயங்குதளத்தில் ஓடியவை. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் கணினியிலிருந்து கணினிக்குப் போன முதல் செய்தி இவர்களுடையது. ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கிளைன் காதில் தொலைபேசி இருந்தது. முதல் எழுத்தைத் தட்டினார். வந்ததா என்று கேட்டார். வந்தது என்றார் டுவால். இரண்டாவது எழுத்து, அதுவும் வந்தது. மூன்றாவது எழுத்தைத் தட்டியதும் ஸ்டான்ஃபோர்டு கணினி நின்றுபோனது. ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தி ‘லோ’ என்ற இரண்டே எழுத்து! ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கோளாற்றைச் சரிசெய்து முழுச் சொல்லையும் அனுப்பிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தொலைபேசிதான். சொல் முழுவதையும் தட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிரிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் மறுமுனையைக் கேட்டார்கள். அதனால் எந்த இடம் வரை சரி, எந்த இடத்தில் தவறு என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. நாங்களும் அப்படியே செய்வது என்று முடிவெடுத்தோம். ஒரு மாணவியிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, என்ன செய்தோம், என்ன பதில் வந்தது என்று நேரம் போட்டு எழுதச் சொன்னேன்.

முதலில் முகவரி. வலையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர்தான் அதைக் கொடுக்கும், 192.168 என்று தொடங்கும். இந்த எண்கள் உள்ளூருக்கு மட்டும் ஆனவை. உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம், மோதல் இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முன்பெல்லாம் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் நேராக வரமாட்டார். கடிதம் எல்லாம் தோட்ட அலுவலகத்து முகவரிக்கு வரும். கிராணி பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். வெளியுலகுக்கு ஒரே முகவரி, உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். அந்தக் கிராணி செய்த வேலையைத்தான் ரவுட்டர் செய்கிறது.

என் மடிக்கணினியின் முகவரியைப் பார்த்தோம். 169.254 என்று தொடங்கியது. அதைக் கண்டதும் எனக்குப் பாதி நிம்மதி. ரவுட்டரிடம் முகவரி கேட்டு, பதிலே வராமல், கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. கிராணியைப் பார்க்க முடியாமல் தானே கதவில் ஓர் எண்ணை எழுதிக்கொண்ட வீடு மாதிரி. அப்படியானால் தீயரணுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கம்பியைத் தேடிப் போனோம். என் மடிக்கணினியும் லினக்ஸ் கணினியும் ஒரு சின்ன இணைப்புப் பெட்டியில் செருகப்பட்டிருந்தன. அந்தப் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கம்பியின் முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, நழுவி வெளியே வந்திருந்தது. நாற்காலியை யாரோ இழுத்திருக்க வேண்டும். வேறு கம்பி மாற்றியதும் என் கணினிக்கு 192.168.1.5, லினக்ஸுக்கு 192.168.1.9.

மேக் கணினிக்கு 192.168.2.14 வந்திருந்தது. மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள்: 1 அல்ல, 2. மண்டபத்து ரவுட்டரில் இரண்டு வைஃபை பெயர்கள் இருந்தன, ஒன்று விருந்தினருக்கானது. விருந்தினர் வலையில் இருப்பவர் இணையத்துக்குப் போகலாம், ஆனால் வீட்டுக் கணினிகளைப் பார்க்க முடியாது. அது கோளாறு அல்ல, வேண்டுமென்றே கட்டிய வேலி. மாணவி மற்ற வைஃபைக்கு மாறினாள்.

அடுத்து, கூப்பிட்டுப் பார்ப்பது. இதற்கு ‘பிங்’ என்ற கட்டளை விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இருக்கிறது. மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், வலையமைப்பில் ஏதோ கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தபோது எழுதிய சிறிய நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரே என்ன இருக்கிறது என்று அறியும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே தன் நிரலுக்கு வைத்தார்.

என் விண்டோஸிலிருந்து 192.168.1.9க்குப் பிங் அனுப்பினேன். நான்கு பதில்கள் வந்தன. ஒவ்வொரு பதிலிலும் ‘டிடிஎல் 64’ என்று இருந்தது. ஒரு தகவல் பொட்டலம் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்ற வரம்பு அது. லினக்ஸும் மேக்கும் வழக்கமாக 64 என்று தொடங்கும், விண்டோஸ் 128 என்று. பதில் சொல்வது யார் என்று குரலை வைத்தே ஊகிக்கலாம் போல!

பிறகு லினக்ஸிலிருந்து என் 192.168.1.5க்குப் பிங். பதிலே இல்லை.

பிள்ளைகள் குழம்பினார்கள். அங்கே போகிற வழி திரும்பி வருவதற்கு இல்லையா? ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் அனுப்பியபோது லினக்ஸின் பதில் என்னிடம் வந்து சேர்ந்ததே! ஆகவே இரு திசையிலும் வழி இருக்கிறது. கம்பி சரி, முகவரி சரி. நான் கேட்ட கேள்விக்கு வரும் பதிலை என் கணினி உள்ளே விடுகிறது. அந்நியர் தானாக வந்து தட்டினால் திறக்க மறுக்கிறது. இப்போதுதான் தீயரண் என்று சொல்ல நம்மிடம் சான்று இருக்கிறது.

விண்டோஸ், புதிய வலையில் சேரும்போது அது பொது இடமா, தனி இடமா என்று வகைப்படுத்தும். உணவுக் கடை வைஃபையில் இருப்பவருக்கு யாரும் தெரியக்கூடாது, அதனால் ‘பொது’ என்றால் கதவுகளை இறுக்கிச் சாத்திவிடும். வீட்டு வலையில் ‘தனி’ என்று மாற்றலாம். அப்போது கோப்புப் பகிர்வை அனுமதிக்க முடியும். மண்டபத்து வலையை நான் முதல் முறை இணைத்தபோது ‘பொது’ என்று விட்டிருந்தேன். எங்கள் திட்டத்தில் பகிர்வுக் கோப்புறை லினக்ஸில்தான் இருந்தது. என் கணினி கேட்பவன், கொடுப்பவன் அல்ல. ஆகவே என் கதவு சாத்தியே இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். தீயரணை அணைக்கவில்லை, தொடக்கூட இல்லை. அந்த அண்ணன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

முகவரிக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் விடியுமுன் நடக்கும் பெரட்டைத் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். மண்டோர் ஒரு பெயரைக் கூப்பிடுவார். எல்லார் காதிலும் விழும். பெயருக்கு உரியவர் மட்டும் ‘இருக்கேன்’ என்பார். கணினிகளும் ஒரு பெயருக்கு உரிய எண்ணைக் கண்டுபிடிக்க இப்படித்தான் வலை முழுக்கக் கூவும். மேக், ‘லோக்கல்’ என்று முடியும் பெயரால் ஒரு முறையில் கூவும். பழைய விண்டோஸ் கணினிகள் வேறொரு முறையில் கூவும், அதில் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கூவும் முறை மாறினால், நின்றிருப்பவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அறியமாட்டார். அதனால் பெயரைச் சொல்லி வராத கணினியை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணுக்கு வந்து பெயருக்கு வராவிட்டால், கோளாறு பெயரில் மட்டும்தான். எங்களுக்கும் அப்படியே ஆனது. எண்ணைத் தட்டியதும் என் திரையில் லினக்ஸ் கணினி எட்டிப் பார்த்தது.

எட்டிப் பார்த்து, கடவுச்சொல் கேட்டது. கொடுத்தோம், தவறு என்றது. இங்கே பலர் மாட்டிக்கொள்வார்கள். லினக்ஸில் கோப்புப் பகிரும் மென்பொருளுக்கு, நாம் கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் போதாது. தனியாக ஒன்று வைக்க வேண்டும். அந்த மென்பொருளின் பெயர் சம்பா. அது பிறந்த கதை கொஞ்சம் நீளம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர ஒரு மொழி பேசுகின்றன. எஸ்.எம்.பி. என்று பெயர். ‘இந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது?’, ‘இதைத் திற’, ‘இங்கிருந்து இத்தனை எழுத்தைப் படி’ என்று கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் ஆன நெறிமுறை. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்கு அந்த மொழி தெரியாது. 1991 இறுதியில், ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவருக்கு ஒரு சின்னத் தேவை. தன் மேசையில் இருந்த டாஸ் கணினியிலிருந்து, துறையின் யூனிக்ஸ் கணினியில் உள்ள கோப்புகளைத் திறக்க வேண்டும். மொழிக்கு அகராதியும் இல்லை, இலக்கண நூலும் கையில் இல்லை. அவர் என்ன செய்தார்? இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போது கம்பியில் ஓடும் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டார். இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் வருகிறது, இந்த எண்ணை மாற்றினால் பதில் இப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டே போனார். தெரியாத ஊரில் உணவுக் கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னால் என்ன தட்டு வருகிறது என்று பார்த்தே மொழி கற்பதற்கு அதை அவர் ஒப்பிட்டிருக்கிறார். 1992 தொடக்கத்தில் தன் நிரலை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்.

அதற்கு வைத்த முதல் பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரியது என்று பின்னர் தெரியவந்தது. எஸ், எம், பி மூன்றும் இதே வரிசையில் வரும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று கணினியில் இருந்த ஆங்கிலச் சொற்பட்டியலைத் துழாவினார். பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர் அகப்பட்டது: சம்பா.

ஒட்டுக்கேட்டே எவ்வளவு நாள் மொழி கற்பது? ஒரு நிறுவனம் தன் கணினிகள் பேசும் மொழியை மற்றவருக்குச் சொல்லாமல் வைத்திருக்கலாமா என்ற கேள்வி ஐரோப்பாவில் வழக்காகவே நடந்தது. 2004இல் ஐரோப்பிய ஆணையம், மைக்ரோசாஃப்ட் அந்த விவரங்களைப் போட்டியாளருக்குத் தர வேண்டும் என்று முடிவு செய்தது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் சம்பா குழுவினர் 10,000 யூரோ கட்டி ஆவணங்களைப் பெற்றார்கள். அந்த மண்டபத்து மேசையில் லினக்ஸும் விண்டோஸும் பேசியதற்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது. சம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் வைத்தோம். கோப்புறை திறந்தது. கைதட்டல்.

எக்ஸ்பி கணினி மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பிங் அனுப்பினால் பதில் சொல்கிறது. கோப்புறையைக் கேட்டால் வாய் திறக்கவில்லை. வழி இருக்கிறது, ஆள் இருக்கிறார், மொழிதான் ஒத்துவரவில்லை என்று அதற்குள் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். சரியாகச் சொன்னார்கள். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டும். இன்றைய கணினிகள் அதைப் பேச மறுக்கின்றன.

ஏன் மறுக்கின்றன? 2017 மே 12 அன்று வானாகிரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும் நிலை வந்தது. அது நுழைந்த வழி எஸ்.எம்.பி. முதல் பதிப்பைக் கையாளும் விண்டோஸ் நிரலில் இருந்த ஓர் ஓட்டை. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் புகுந்தால் பக்கத்துக் கணினிகளுக்குத் தானே தாவும். ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தது. அதை நிறுவாதவர்கள்தான் மாட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்தப் பழைய மொழியை வழக்கமாக நிறுவுவதை நிறுத்திவிட்டார்கள். 2019இல் சம்பாவும் தன் 4.11ஆம் பதிப்பில் அதை அணைத்தது. எக்ஸ்பிக்கோ 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவே முடிந்துவிட்டது.

என் மடிக்கணினியில் பழைய மொழியைத் திரும்ப இயக்க முடியும். நாலைந்து சொடுக்கு. அண்ணன் அதற்கும் தயாராக இருந்தார். ஆனால் நான் அந்த மடிக்கணினியைத் திங்கட்கிழமை பள்ளிக்கு எடுத்துப்போய், நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் வலையில் இணைப்பவன். எக்ஸ்பியின் வலைக் கம்பியை முதலில் பிடுங்கினோம். பிறகு, மாலையில் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பென்டிரைவைத்தான் எடுத்தோம். கிராணி ஐயாவின் கோப்புகளை அதில் நகலெடுத்து, விண்டோஸ் தீநிரல்கள் ஓட முடியாத லினக்ஸில் திறந்து, எண்களை மட்டும் புதிய அட்டவணையில் சேர்த்தோம். கேள்வி கேட்ட மாணவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்க அவனுக்கு உரிமை உண்டு.

இரவு ஒன்பது மணி வாக்கில் எல்லாம் ஓடியது என்று நினைத்தோம். அப்போதுதான் மிக விசித்திரமான இரண்டு கோளாறுகள் வந்தன. இரண்டும் கோப்பின் பெயரில்.

முதலாவது எளிது. பிள்ளைகள் லினக்ஸில் ‘மழை 7:30’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் விண்டோஸில் அந்தக் கோப்பு, அலைக்குறி ஒன்று செருகிய புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரிந்தது. விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை. ‘சி:’ என்று வட்டின் பெயரைக் குறிக்க அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் குறி ஆகியவற்றுக்கும் இதே தடை. லினக்ஸுக்கு இவை எதுவும் பொருட்டல்ல. இரண்டுக்கும் நடுவில் நின்ற சம்பா, விண்டோஸ் ஏற்கக்கூடிய ஒரு பொய்ப் பெயரைச் சூட்டி அனுப்பியது. ‘மழை 7-30’ என்று மாற்றினோம்.

இரண்டாவது கோளாற்றை நான் அதுவரை கண்டதில்லை. மேக் கணினியில் வேலை செய்த மாணவி, ஒரு கோப்புறையைச் சுருக்கி ஜிப் கோப்பாக அனுப்பினாள். லினக்ஸில் விரித்தோம். ‘தோட்டம்’ என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் அட்டவணை இருந்தது. அவள் திருத்தியது அதை மாற்றி அமர வேண்டும். அமரவில்லை. ஒரே இடத்தில் இரண்டு ‘தோட்டம்’. எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கவே முடியாது என்று நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்!

பைத்தான் தெரிந்த ஒரு மாணவன் இரண்டு பெயர்களிலும் எத்தனை குறியீடுகள் என்று எண்ணச் சொன்னான். ஒன்றில் 7, மற்றதில் 8.

தமிழாசிரியர் கீழ்வகுப்பில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ‘தோ’ எழுத இரட்டைக் கொம்பு போட்டு, ‘த’ எழுதி, கால் போட வேண்டும். யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் ‘ஓ’காரக் குறிக்கு ஒரே எண் உண்டு. அதையே கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சரி, இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். விண்டோஸும் லினக்ஸும் நாம் தட்டியபடியே பெயரைச் சேமிக்கும். வழக்கமாக அது சேர்ந்த வடிவம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவத்தில் சேமிக்கும். லினக்ஸ் பெயரைப் படிப்பதில்லை, எண்களை மட்டும் ஒப்பிடுகிறது. எண்கள் வேறானால் அதற்குக் கோப்பும் வேறு. ‘தோ’, ‘கொ’, ‘சௌ’ போன்ற எழுத்துகளில் இது நடக்கும். ‘மழை’யில் நடக்காது, ஐகாரக் குறியைப் பிரிக்க ஒன்றுமில்லை.

தமிழுக்கு இது பழைய நோய். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பத்துக்கு எண் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் இன்னொருவருக்கு வெறும் குப்பையாகத் தெரியும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்திய உங்கள் பெற்றோருக்கு அந்தக் காலம் நினைவிருக்கலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் ஒரு மாநாடு கூட்டித்தான் பொதுவான குறியீடுகளைப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் குப்பை பெரும்பாலும் இல்லை. கொம்பும் காலும் பிரியும் இந்தச் சின்னச் சண்டை மட்டும் மிச்சம்.

நீங்களே செய்து பார்க்கலாம். பைத்தானில் ‘லென்’ என்ற கட்டளைக்குள் உங்கள் பெயரைக் கொடுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். ‘கோமதி’ என்று சேர்ந்த வடிவில் தட்டினால் 5 வரும். கொம்பையும் காலையும் பிரித்த வடிவில் 6.

கடைசியில், பிரித்த பெயர்களையெல்லாம் சேர்ந்த வடிவுக்கு மாற்றும் நாலு வரி நிரலை அந்த மாணவன் எழுதினான். இரண்டு ‘தோட்டம்’ ஒன்றானது.

1969ஆம் ஆண்டு அந்த இரவில், லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டில் 10:30 என்று நேரம் போட்டு, மறுமுனைக் கணினியோடு பேசினோம் என்ற பொருளில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. எங்கள் நோட்டுப் புத்தகம் அந்தத் தோட்டத்து மண்டப அலமாரியில் இருக்கிறது. மொத்தம் நான்கு பக்கம். கடைசி வரியை அந்த மாணவி இரவு 10:50 என்று நேரம் போட்டு எழுதியிருக்கிறாள்: “மூன்று கணினியும் பேசுகின்றன. எக்ஸ்பி கம்பி பிடுங்கப்பட்டது. கிராணி தாத்தா கணக்கு இப்போது மூன்று இடத்தில்.”